பரணில் கிடந்த 17 தோட்டா

வாசகர் கேள்வி - பதில்

முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் 11 வருடம் இருந்தேன். இப்போது விசுவமடுவில் கச்சான் போடுகிறேன். மாதம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். வழக்கமாகக் கண்ணிவெடி, ஷெல் பற்றித்தான் கேட்பீர்கள். இந்த முறை வந்த 5 கடிதமும் வேட்டைத் துவக்கின் பழைய தோட்டாக்களைப் பற்றியது. மாரிக்கு முதல் கூரை பிரித்து மேயும் காலம் என்பதால், பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

அக்கா, ஷெல் விழாமல் தப்பிய எங்கள் அப்பப்பாவின் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரணில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. உள்ளே சிவப்பு மட்டைத் தோட்டா 17. பித்தளையில் பச்சை பூத்திருக்கிறது, சிலது ஊதிப்போயிருக்கிறது. அப்பப்பாவின் துவக்கை 1985 இல் இயக்கப் பெடியள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மாமா கிணற்றில் போடு என்கிறார். மேசன் நெருப்பில் போட்டால் முடிந்தது என்கிறார். அம்மா, பொலிசுக்கு மட்டும் போகாதே, உன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அழுகிறா. என்ன செய்ய?
- ஒட்டுசுட்டான்

தம்பி, அந்த ரின் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். பரணிலேயே இருந்தால் கூரை வேலையை 2 நாள் நிறுத்துங்கள். கீழே இறக்கிவிட்டீர்கள் என்றால், வெயில் படாத, அடுப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் உரச் சாக்குக்கும் தள்ளிய இடத்தில் வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எண்ணிப் பார்க்கவும் துடைத்துப் பார்க்கவும் இனி யாரும் அதைத் திறக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எண்ணிவிட்டீர்கள், அது போதும்.

மாமாவின் யோசனையும் மேசனின் யோசனையும் ஒன்றுதான். யாருக்கும் தெரியாமல் அதை இல்லாமல் பண்ணுவது. அந்த எண்ணம் எனக்கு நன்றாக விளங்குகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் யோசித்தோம். ஆனால் 40 வருடம் யாருக்கும் ஒன்றும் செய்யாமல் பரணில் கிடந்த தோட்டா, அதை ஒளிக்கப் புறப்படும்போதுதான் ஆளைக் காயப்படுத்தும்.

நெருப்பை முதலில் சொல்கிறேன். தோட்டா துவக்குக்குள் இருக்கும்போது அதைச் சுற்றி இரும்புக் குழல் இருக்கிறது. மருந்து எரிந்து வரும் காற்றுக்குக் குழல் வாய் ஒன்றுதான் வழி, அதனால் ஈயச் சன்னம் முன்னால் பாய்கிறது. நெருப்பில் கிடக்கும் தோட்டாவுக்குக் குழல் இல்லை. மட்டைக் கோது கிழிந்து விரியும், ஈயம் பெரிய வேகம் எடுக்காது. இதைக் கேள்விப்பட்டவர்கள்தான் "நெருப்பில் போட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது பின்பக்கத்தை. அடியில் இருக்கும் பித்தளையும் அதன் நடுவில் இருக்கும், ஊசி அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் பாரம் குறைந்தவை, அவை தெறித்துப் பறக்கும். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. சுவரைத் துளைக்காது, கண்ணைத் துளைக்கும். அதோடு 17 தோட்டாவும் ஒரே நேரத்தில் வெடிக்காது. 15 சத்தம் கேட்டபின் முடிந்தது என்று நினைத்துக் கிட்டப் போய்த் தடியால் கிண்டுகிறவருக்குத்தான் மிச்ச 2 உம். ரின்னோடு சேர்த்துப் போடுவது இன்னும் மோசம், மூடிய தகரத்துக்குள் அழுத்தம் கூடும்.

கிணறு? தோட்டாவில் இருப்பது ஈயம். அது குடிக்கிற தண்ணீர். சரி, பாவிக்காத கிணறு என்று வைத்துக்கொள்வோம். வன்னியில் எந்தக் கிணறும் எந்தக் குளமும் எப்போதும் நிரம்பி இருப்பதில்லை. ஆவணியில் தண்ணீர் வற்றும்போது சேறு இறைக்க இறங்குகிறவன் கையில் அது வரும். தண்ணீரில் ஊறினால் தோட்டா செத்துவிடும் என்பதும் நம்பக்கூடிய பேச்சில்லை. மட்டைக் கோது கரையலாம், மருந்து நனையலாம். ஆனால் கேப்புக்குள் இருக்கும் பொட்டளவு மருந்து காய்ந்தபின் உயிரோடு இருக்கக்கூடும். எண்ணெயில் ஊறப்போடும் வைத்தியமும் இப்படித்தான், ஒன்று சாகும், ஒன்று சாகாது, எது எதுவென்று வெளியிலிருந்து தெரியாது.

உங்கள் வீட்டில் யாரும் புதைக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறபடியால் அதையும் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்த வேலையோடு சேர்ந்தது. ஜொனி என்று நாங்கள் சொல்லும் கண்ணி மரப்பெட்டியில் செய்தது. அதில் இரும்பு மிகக் கொஞ்சம். டிடெக்டரில் அதன் சத்தம் சின்னதாகத்தான் வரும். அதனால் சின்னச் சத்தம் என்று எதையும் நாங்கள் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து, முகத்தில் வைசரோடு, பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டி நான் எடுத்தவற்றில் ஆணி உண்டு, சார்டின் ரின் உண்டு, தோட்டாவின் பித்தளை அடிகள் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் கண்ணிக்கு எடுக்கும் அதே நேரம், அதே வியர்வை. இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது, நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க அப்போது கிடைத்த தவணை 2028 ஆனி மாதம். இன்னும் அந்த வெயிலில் முழங்காலில் இருக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் புதிதாக ஒரு சத்தத்தைப் புதைத்துக் கொடுக்காதீர்கள்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் என்று சொல்ல நான் தயாரில்லை. எங்கள் இடத்தில் வெடிபொருளோடு பிடிபட்டவர்களின் கதை எல்லாருக்கும் தெரியும். சட்டமும் அம்மா பக்கம்தான் பேசுகிறது: 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது, தோட்டாவையும் சும்மா வீட்டில் வைத்திருக்க முடியாது. ஆனால் அதனாலேயே நீங்கள் சொல்லாமல் இருக்கக் கூடாது என்கிறேன். கண்டெடுத்த அன்றைக்கே தெரியப்படுத்தியவர் ஒரு இடத்தில் நிற்கிறார். ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்து, மேசன் எங்கேயோ வாய்தவறிச் சொல்லி, பிறகு தேடி வந்து எடுக்கப்பட்டவர் வேறு இடத்தில் நிற்கிறார்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், தோட்டாவைக் கையில் கொண்டும் போகாதீர்கள். சைக்கிள் கூடையில் ரின்னை வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகிற நல்ல பிள்ளை, வழியில் மறிக்கப்பட்டால் தன் நல்லெண்ணத்தை வாயால் மட்டும்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். முதலில் உங்கள் விதானையாரிடம் போங்கள். கிராம அலுவலர் என்று கடதாசியில் எழுதுவோம், ஊரில் விதானையார்தான். "பழைய வீடு பிரிக்கும்போது பரணில் இப்படி ஒன்று இருந்தது, ஒருமுறை எண்ணிப் பார்த்தபின் நாங்கள் தொடவில்லை" என்று சொல்லுங்கள். அவரையும், ஊரில் மதிப்புள்ள இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், அவர்களை வந்து எடுக்கச் சொல்லுங்கள். சொன்னது முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். திகதி, நேரம், எத்தனை தோட்டா, எங்கே இருந்தது. பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். ரின் இருந்த இடத்தைத் தூர நின்று ஒரு படம் எடுத்து வைத்தால் நல்லது. இரவில் கண்டெடுத்து விடியும்வரை பொறுக்க முடியாத நிலை என்றால் 119 க்கு எடுக்கலாம்.

இதற்கெல்லாம் முதல் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டுப் போக வேண்டும் என்று அம்மா நினைத்தால், அதையும் செய்யுங்கள். வசதியில்லாத குடும்பங்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, அம்மா நித்திரை கொள்ளட்டும்.

பிறகு என்ன நடக்கும் என்றால், பொலிசார் நீதிமன்றத்துக்கு அறிவிப்பார்கள். காணி துப்புரவாக்கும்போது ஷெல் எடுத்தால் நீதவானின் அனுமதியோடு விசேட அதிரடிப்படையோ இராணுவமோ வந்து அழிப்பதை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள், அதே பாதைதான். சின்ன ரகத் தோட்டாக்களைத் தெரிந்தவர்கள் தடித்த இரும்புக் கூட்டுக்குள் வைத்துத் தூரத்திலிருந்து எரித்து அழிப்பார்கள். நெருப்புத்தான், ஆனால் மேசன் சொன்ன நெருப்பு இல்லை.

இன்னும் ஒன்று. ரின்னுக்குக் கிட்டப் போகும்போது புளித்த மாதிரி, மூக்கைக் குத்துகிற நெடி அடித்தாலோ, செம்மண் நிறத்தில் புகையோ தூளோ கண்டாலோ, அந்த மருந்து பழுதாகிக்கொண்டிருக்கிறது. புகையில்லா மருந்து வயது போகப் போக உள்ளேயே அமிலப் புகையை விடும், அந்தப் புகை மிச்சத்தை இன்னும் கெதியாகப் பழுதாக்கும். எங்கள் ஊர் ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே இருக்கும் சூடு அதற்கு வழி விடுகிறது. அப்படி நெடி இருந்தால் வீட்டார் எல்லாரும் அடுத்த வளவுக்குப் போய்விடுங்கள், பொலிசிடமும் அதைச் சொல்லுங்கள்.

அக்கா, அப்பா மாசியில் மோசம் போய்விட்டார். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்சோடு 12 போர் துவக்கு வைத்திருந்தவர். 2018 மார்கழி வெள்ளத்தில் நனைந்த தோட்டா 9 அலுமாரிக்குள் இருக்கிறது. தம்பி அதை வெயிலில் காயவைத்துப் பன்றிக்கு அடிக்கலாம் என்கிறான். அதோடு கொஞ்சம் மெல்லிய மஞ்சள் தோட்டா 3 இருக்கிறது. அது என்ன?
- கண்டாவளை

தங்கச்சி, அப்பாவை இழந்த வீட்டில் இன்னொரு இழப்பு வரக் கூடாது. தம்பி இந்தப் பதிலை வாசிக்கட்டும்.

இரணைமடுக் குளம் வான் பாய்ந்த அந்த வெள்ளம் அலுமாரிக்குள் ஒரு இரவு நின்றிருந்தாலே போதும். பிளாஸ்டிக் கோது வெளியில் புதிது மாதிரிக் காயும், உள்ளே மருந்து பாதி நனைந்து கட்டியாகி இருக்கும். அப்படி ஒன்றைப் போட்டு அடித்தால் மூன்றில் ஒன்று நடக்கும். சும்மா "டிக்" என்று ஊசி விழும், ஒன்றும் வெடிக்காது. அல்லது ஊசி விழுந்து, ஒன்றும் இல்லை என்று துவக்கை மடிக்கும் நேரத்தில் பிந்தி வெடிக்கும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம்: மருந்து அரைகுறையாக எரிந்து "புஸ்" என்று ஒரு பலமில்லாத சத்தம் வரும், மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் இருக்கும் தக்கை குழலின் நடுவில் நின்றுவிடும். இருட்டில், பன்றி ஓடும் பதற்றத்தில், தம்பி அடுத்த தோட்டாவைப் போடுவான். குழலில் அடைப்பு இருக்கும்போது நல்ல தோட்டா வெடித்தால் குழல் கிழியும். இடது கை இருக்கும் இடம் அது.

மஞ்சள் தோட்டாவும் இதே சங்கதிதான். அது பெரும்பாலும் 20 போர். 12 போர் என்றால் ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு குழல், 20 போர் என்றால் 20 உருண்டை. இலக்கம் கூடக் கூடக் குழல் சிறிது. 20 போர் தோட்டாவை 12 போர் துவக்கில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய்க் குழலில் இறுகி நிற்கும். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குத் துவக்கு வெறுமையாகத் தெரியும், அதனால் ஒரு 12 போரைப் போடுவான். பிறகு நடப்பதை எழுத எனக்கு மனமில்லை. இந்தப் பிழை உலகம் முழுக்க நடந்ததால்தான் 20 போர் கோதுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் வந்தது. அப்பா யாரிடமோ வாங்கி, தன் துவக்குக்கு இல்லை என்று தெரிந்து ஒதுக்கி வைத்திருப்பார். கவனமான மனிசன்.

துவக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பதும் அந்த ஆளின் பெயரில்தான். அப்பா போனபிறகு அந்தத் துவக்கைத் தம்பி தூக்கினால், பன்றியைத் துரத்தப் போனாலும் அது அனுமதியில்லாத துவக்கு. அப்பாவின் மரணச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, விதானையாரோடு பொலிசுக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) போய்த் தெரியப்படுத்துங்கள். துவக்கை எப்படி ஒப்படைப்பது, தம்பி தன் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று அங்கேயே கேளுங்கள். நனைந்த 9 உம் மஞ்சள் 3 உம் அந்தப் பட்டியலிலேயே சேரட்டும். உங்களிடம் லைசென்ஸ் புத்தகம் இருப்பதால் ஒட்டுசுட்டான் தம்பியைவிட உங்களுக்கு இது இலகு. அதுவரை தோட்டா ஒரு அலுமாரியில், துவக்கு வேறொரு பூட்டில், திறப்பு உங்களிடம்.

பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் மகன் தோட்டாக் கோது பொறுக்கிக்கொண்டு வருகிறான். ஊதி விசில் அடிக்கிறான். வெடித்த கோது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- நெடுங்கேணி

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், மன்னியுங்கள்.

எனக்கு ஒரு தம்பி. அவனுக்கு 9 வயது இருக்கும்போது அம்மப்பாவின் தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போனான். அடியில் இருக்கும் பித்தளைப் பொட்டுக்கு நடுவில் ஆணியை வைத்துக் கல்லால் குத்தினான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். நான் கிணற்றடியில் சத்தம் கேட்டு ஓடினேன். இடது கைப் பெருவிரலும் ஒரு கண்ணும் போய்விட்டது. அந்தத் தோட்டாவில் ஏற்கெனவே ஊசி விழுந்த அடையாளம் இருந்தது, வெடிக்காதது என்று அம்மப்பா தூர எறிந்தது. அதனால் அது வெறும் கோது என்று தம்பி நினைத்தான்.

ஆகவே, பித்தளைப் பொட்டில் குழி இருந்தால் வெடித்தது என்று நினைக்க வேண்டாம். குழி இருந்து, முன்பக்கம் மூடியே இருந்தால், அது ஊசி விழுந்தும் வெடிக்காமல் நிற்கும் தோட்டா. அதுதான் எல்லாவற்றிலும் நம்பக் கூடாதது. வெடித்த கோதின் முன்வாய் பூப்போல விரிந்து திறந்திருக்கும், உள்ளே கரி படிந்து வெறுமையாக இருக்கும், நீளமும் கொஞ்சம் கூடியிருக்கும், பாரமே இராது. இது பெரியவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்வது. பிள்ளைக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நிலத்தில் கிடப்பதை எடுக்காதே, வந்து சொல்லு.

ஏனென்றால் வேட்டைத் தோட்டா மாதிரியே கட்டையாக, அடி பித்தளையாகவோ வெள்ளையாகவோ, ஆனால் இரண்டு மடங்கு பருமனாக, மூக்கு உருண்டையாக இருக்கும் ஒன்று எங்கள் காடுகளில் இன்னும் கிடக்கிறது. துவக்குக் குழலுக்குக் கீழே பூட்டி அடிக்கும் 40 மில்லிமீற்றர் குண்டு அது. 12 போர் தோட்டா உங்கள் பெருவிரல் பருமன், ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். அதைவிடப் பருமனாக எதைக் கண்டாலும் அது வேட்டைக்காரன் விட்டது இல்லை. அடித்து வெடிக்காமல் விழுந்த அந்தக் குண்டு, தூக்கி எடுக்கும் அசைவுக்கே வெடிக்கக்கூடும். மகன் இதுவரை கொண்டுவந்த கோதுகள் எங்கே இருக்கின்றன என்று மெதுவாக, ஏசாமல் கேளுங்கள். ஏசினால் அடுத்த முறை ஒளிப்பான். என் தம்பி அம்மப்பாவுக்குப் பயந்துதான் கொட்டிலுக்குப் பின்னால் போனான்.

பழைய தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தை ஒருவர் காசுக்கு வாங்குகிறார். வாய்வெடிக்குத்தானாம். தோட்டாவைக் கழிக்க அதுவும் ஒரு வழிதானே? கொடுத்தால் என்ன?
- மாங்குளம்

கொடுக்க வேண்டாம் ஐயா. உங்கள் கடிதத்தை 3 முறை வாசித்தேன், உங்களுக்குக் காசு தேவை என்பதும் பன்றி உங்கள் மரவள்ளியை விட்டுவைக்கவில்லை என்பதும் விளங்குகிறது. இருந்தும் சொல்கிறேன்.

மருந்தை எடுக்க வேண்டுமென்றால் கோதை வெட்ட வேண்டும். வெட்டியபின் கேப்பு அடியிலேயே நிற்கும், அது தனியாகவும் வெடிக்கும். பழைய தோட்டாவில் கரிமருந்து இருந்தால் ஒரு பொறி போதும்.

பிறகு அந்த மருந்து எங்கே போகிறது? பூசணிக்காய்க்குள்ளும் மாமிசத்துக்குள்ளும் வைத்துக் காட்டோரம் போடுகிறார்கள். பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடிக்கிறது. தாடை உடைந்த யானை உடனே சாவதில்லை, தண்ணீருக்குப் பக்கத்தில் நாள்கணக்காகப் பசியோடு நின்று சாகும். சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்று சொல்வதும் இதைத்தான், நாட்டில் யானைகள் சாகும் முக்கியமான காரணங்களில் ஒன்றாக அது வந்துவிட்டது. மாடு கடித்ததை நானே பார்த்திருக்கிறேன். என் அயலில் ஒரு பசு, கன்று போட்டு 12 நாள். நாக்கு இல்லாமல் அது கன்றை நக்கப் போனது.

ஒட்டுசுட்டான் தம்பிக்கு எழுதிய வழிதான் உங்களுக்கும். வாங்க வருகிறவரிடம் விதானையாருக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லுங்கள், திரும்பி வரமாட்டார். ஆனால் உண்மையிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய இரும்பு எடுக்க வருகிறவர்களுக்கும் இதே பதில். பித்தளை அடிக்கு விலை இருக்கிறது என்பது உண்மை. மூடிய தோட்டா ஒன்று சாக்கில் கலந்துபோய், சுத்தியலால் தட்டும் இடத்தில் வெடித்தால் அந்த விலையை யார் திருப்பிக் கொடுப்பது?

தோட்டாவை உடைத்து ஈயச் சன்னத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாமா? எங்கள் அப்பு அப்படிச் செய்தவர்.
- அளம்பில்

தோட்டாவை உடைக்கக் கூடாது என்பதை மேலே எழுதிவிட்டேன். ஏற்கெனவே அப்பு உடைத்து வைத்த சன்னம் போத்தலில் இருக்கிறது என்றால், அதையும் வீட்டில் உருக்க வேண்டாம். ஈயம் உருகும்போது வரும் புகையும் அதன்மேல் படியும் சாம்பலும் உடம்புக்குள் போனால் இலகுவில் வெளியே வராது. அதிகம் பாதிக்கப்படுவது சின்னப் பிள்ளைகளும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும்தான், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போத்தலை இறுக்கி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல், கோழி கொத்தாத இடத்தில் வையுங்கள். பறவைகள் சன்னத்தைக் கல்லென்று விழுங்கிச் சாகும், முற்றத்தில் கொட்டினால் முதலில் போவது உங்கள் கோழி.

வலைக்கு வேண்டிய ஈயக்குண்டு கடையில் வார்த்தே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். அப்பு ஈயம் உருக்கிய சட்டி இன்னும் குசினியில் இருந்தால், இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். அதில் இனி சொதி வைக்க வேண்டாம்.